அவருடைய முறை நாள்

சீட்டு எடுக்க ஊருக்கு வரவேண்டாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான். இதை யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் விதி என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விதியா அவரோடு போனில் பேசியது? நான் பேசினேன்.

பழவேற்காடு ஏரியில் இறால் எங்கே கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அங்கேயே போய் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் ஏரிக்கரை ஊர்களில் நல்ல இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். கல்யாணமான ஆண்கள் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து சீட்டு எடுப்பார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது அதில் தெரிந்துவிடும். அவரவர் சீட்டை அவரவர் கையால்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவள், கடல் பார்த்து வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அது சிரிப்பில்லை. முகத்துவாரத்தை மண் அடைத்து, ஏரி முழங்காலளவுக்கு வற்றி, ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் என்று ஆனபிறகு, மற்றவர்களைப்போல அவரும் வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலை. ஆனால் வருடம் தவறாமல் சீட்டுக்கு வந்துவிடுவார். பெண் பிறந்தபோது வராத மனிதர், சீட்டுக்கு வந்தார். அதை நான் குத்திக்காட்டாத நாள் கிடையாது.

அந்த வருடம், அந்தப் பக்கம் சண்டை வரலாம் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் போன் செய்தார்.

"இன்னாமே, சீட்டு எப்ப போட்றாங்களாம்? லீவு கேட்டுக்கினு வந்துட்றேன்."

"யோவ், ஒரு சீட்டுக்கு அங்கேர்ந்து வரணுமா? உன் தம்பி எடுக்கட்டும்."

"ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கமே."

"நான் ஒத்துக்க வைக்கிறேன், பாரு. இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தின்னா தளம் போட்டுக்கலாம். வீடு ஒழுவுது."

பெண்கள் போகாத கூட்டத்துக்கு நான் போனேன். "ஊர்ல பாதி ஆம்பளைங்க வெளிநாட்ல கீறாங்க. வழக்கத்த மட்டும் பிடிச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?" என்று ஊர்த் தலைவரிடம் சண்டை போட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் என்று அவர் இறங்கிவந்தார். தம்பி கையில் வந்த சீட்டு, ஏரியிலேயே நல்ல இடம். போனில் சொன்னதும் அவர் சிரித்தார்.

"என் கைக்கு ஒருதபா கூட அந்த எடம் வரலியே! மொறை நாளுக்கு வந்துட்றேன். வலைய நானே கட்றேன், தம்பி கைல சொல்லி வை."

எனக்கு ஒரே பெருமை. ஊரை ஜெயித்துவிட்டேன், அவரையும் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே அங்கே சண்டை தொடங்கியது. விமானங்கள் நின்றுபோயின. படகு கரையில்தான் கட்டிக்கிடக்கும் என்று நம்பியிருந்தேன். முதலாளி கடலுக்கு அனுப்பியிருக்கிறான். படகின்மேல் குண்டு விழுந்தது. எந்த நாட்டுக் குண்டு என்று கேட்டால் இரண்டு பக்கமும் எதிராளியைக் கைகாட்டுகிறார்கள். கூட வேலை செய்தவர்களில் தப்பிய ஒருவர் தமிழ் பேசுவார். என் வீட்டுக்காரர் மூழ்கியதைக் கண்ணால் பார்த்ததாக அந்த ஆள்தான் போன் செய்து சொன்னார். உடம்பு வரவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறது. வியாபாரம் என்று வந்து, கோட்டை கட்டி, பீரங்கி வைத்து, இங்கேயே செத்துப்போனவர்கள். கல்லில் பெயர் செதுக்கியிருக்கிறது, சுற்றிலும் மதில், வாசலில் அரசாங்கப் பலகை. மீன் கூடையோடு அதைத் தாண்டிப் போகும்போது முன்பெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது. ஆள வந்தவனுக்கு எங்கள் ஊரில் ஆறடி மண் கிடைத்தது. கூலிக்குப் போன என் வீட்டுக்காரருக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

அவருடைய முறை நாள் வந்தது. விடிந்ததும் கரைக்குப் போனேன். தம்பி வலையைத் தோணியில் ஏற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் இன்னும் போவல?"

"நானே கட்றேன்னு அண்ணன் சொல்லிச்சே, அண்ணி."

"உன்னால முடியலன்னா வேற யார்னா கட்டட்டும்."

"யாரும் மாட்டேன்றாங்க."

ஏரியில் மற்ற இடங்களில் எல்லாம் வலை கட்டிய கழிகள் தெரிந்தன. நடுவில் அந்த நல்ல இடம் மட்டும் வெறும் தண்ணீராகக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இறாலு சும்மா போவுது, இன்னா வேடிக்கை பாக்கறீங்க?" என்று கரையில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கத்தினேன். தலைவர்தான் கிட்டே வந்தார்.

"நீ கேட்டேன்னு ஒருதபா நாங்க விட்டுக்குடுத்தோம்மா. இன்னைக்கு ஊர் கேக்குது. இந்த ஒரு நாள் அவன் எடத்த அவனுக்கே விட்டுடு."

அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை. பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வலையைப் பிரித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். வரவேண்டாம் என்று சொன்ன அதே வாயால், அந்தத் தண்ணீரைப் பார்த்து, "வந்துடுய்யா" என்று கூப்பிட்டேன். நாலைந்து தடவை கூப்பிட்டேன். தம்பி என்னைத் தடுக்கவில்லை.