முதுகுக்கு ஒரு மரக்கரண்டி

எனக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் வெள்ளைச் செதில்களாக உதிரும்; பிறருக்குத் தொற்றாது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் புதிய களிம்பைச் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்திருந்தேன். காலையும் மாலையும் குளித்து, ஈரம் ஒற்றி, ஓர் இடமும் விடாமல் பூச வேண்டும். ஒழுங்காகச் செய்வது எனக்குச் சிரமமில்லை. முதுகுதான் எட்டவில்லை.

அதைச் சொன்னதும் கணவர் பாண்டி பஜாரிலிருந்து நீளக் காம்புள்ள மரக்கரண்டி வாங்கிவந்தார். குத்தாமலிருக்க உப்புத்தாளால் தேய்த்தும் கொடுத்தார். "இது எட்டும் பாரு." எட்டியது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வில் தோலை மட்டும் பார்ப்பதில்லை; மனத்தையும் கேட்பார்கள். கேள்விகளை நர்ஸ் வாசிப்பார். ஒருநாள் எனக்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த நோயால நெருக்கம் குறைஞ்சிருக்காக்கா?"

"நெருக்கமா? கோட்டூர்புரத்துல ஆத்தோரம் இருந்தப்ப இருந்துச்சு. ஒருத்தர் மேல ஒருத்தர் கால் போட்டுக்கினு தூங்குவோம். இப்ப ஊருக்கு வெளிய வூடு குட்த்துட்டாங்க. நெருக்கமே இல்ல. ரொம்பக் கொறஞ்சுபோச்சுன்னு எழுதிக்கோ."

நர்ஸுக்குச் சிரிப்பு. "அந்த நெருக்கம் இல்லக்கா. வீட்டுக்காரரோட..."

"அந்த ஆளா? அவன் போய்ச் சேந்துட்டான். பஸ்ஸ கேளு. அத்தினி கூட்டத்துலயும் என் பக்கத்து சீட்டு காலியா கீது. ராணி மாரி வரேன்."

அடுத்து என் முறை. அதே கேள்வி. 'பொருந்தாது' என்றும் ஒரு பதில் உண்டு. வழக்கம்போல் அதையே சொன்னேன்.

ஆய்வுக்கு வரும் நாளில் காலைக் களிம்பை டாக்டர் பார்த்த பிறகு அங்கேயே பூச வேண்டும். பார்த்து முடித்ததும் மறைப்புக்குப் பின்னால் போய்ப் பையிலிருந்து களிம்பையும் கரண்டியையும் எடுத்தேன். எனக்கு முன்னால் போனவளும் அங்கே ரவிக்கையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, சாம்பார் கிண்டப் போறியா?"

"முதுகுக்கு."

"ஏன், வூட்ல ஆளில்லியா?"

"இருக்கார்."

அவள் கரண்டியை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, "திரும்பு" என்றாள்.

உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. "இங்க கீது... இங்கயும் கீது" என்று சொல்லிக்கொண்டே தடவினாள். கரண்டிக்கு இடம் தெரியும். நான் அங்கே இருப்பது தெரியாது. கை எடுத்த பிறகும் அப்படியே நின்றேன்.

"முடிஞ்சுதுக்கா. இன்னாத்துக்கு நின்னுக்கினுகீற?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மேற்கு மாம்பலம் வரும்வரை பஸ்ஸில் சாயாமல் உட்கார்ந்து வந்தேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, ஹாலில் இருந்த கணவரிடம் களிம்பை நீட்டினேன். "முதுகுக்குக் கொஞ்சம் தடவிவிடுங்களேன்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கரண்டி என்ன ஆச்சு? உடஞ்சுடுத்தா?"

"இல்ல. சமையலறையில இருக்கு."

எழுந்து உள்ளே போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகுத் துணியை விலக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது. கையைக் கழுவுகிறாரா, கரண்டியைக் கழுவுகிறாரா என்று தெரியவில்லை. கையாக இருக்கட்டும், கையாக இருக்கட்டும் என்று நின்றேன்.