பால் காய்ச்சாத புது வீடு

கெர்லிங்கில் ஒருவருக்கு நிலம் காட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. "தம்பி, அக்கா போயிட்டாங்க லா" என்று சொல்லிவிட்டு, செல்வமலர் அக்காவின் கணவர் மாணிக்கம் அழுதார்.

அக்கா புக்கிட் பெருந்துங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் அமர்ந்து, வீடு நிலம் விற்பவர்களுக்கு வரிப் படிவம் நிரப்பித் தந்தவர். நான் வீட்டுத் தரகன். அவரால் எனக்குக் கைநழுவிய வியாபாரங்கள் உண்டு. அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

உலு யாமில் நான் வாங்கிய நிலத்தை இரண்டு மனையாகப் பிரித்து வீடு கட்டினேன். ஒன்றில் குடியேறினோம். மற்றதை விற்றுத்தான் மகளைத் தாதிமைப் படிப்புக்கு அனுப்ப வேண்டும். நிலம் வாங்கி ஆறு வருடம் முடிந்திருந்தது. ஐந்து வருடம் தாண்டி விற்றால் ஆதாய வரி இல்லை என்று ஊருக்கே சொல்லி வந்தவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"ரெண்டாவது வீட்ல பால் காய்ச்சினீங்களா, தம்பி?"

"இல்லக்கா."

பிறர் பால் காய்ச்சிய வீட்டை நம்மவர்கள் புது வீடாக மதிப்பதில்லை, விலை இறங்கிவிடும். அதனால்தான் வாசலில் 'பால் காய்ச்சாத புது வீடு, விற்பனைக்கு' என்று நானே பெரிய பலகை மாட்டியிருந்தேன். அன்று காலை அக்கா அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்.

"சும்மா வாங்கி வச்சிருந்து விக்கிறவங்களுக்குத்தான் அந்த அஞ்சு வருஷம். நீங்க பிரிச்சு, கட்டி, போர்டு போட்டு விக்கிறீங்க. இது வியாபாரம் லா. வருமான வரியில காட்டணும்."

"குடியிருக்கக் கட்டினதுன்னு எழுதிடுங்கக்கா. ரெண்டு வாரம் போய்ப் படுத்துக்கிறேன்."

"எழுத மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

ஒரு மாதம் அவர் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு ஆளிடம் போய்ப் பொய் எழுதிக்கொள்ளவும் பயம். கடைசியில் அதே படியேறினேன். அவர் குத்திக்காட்டவில்லை. சிமெண்ட், மரம், ஒயரிங், சர்வேயர் கூலி என்று எல்லா ரசீதும் கேட்டு மூன்று நாள் விரட்டினார். "கட்டின செலவக் கழிக்கலாம் தம்பி. அதுல ஒன்னையும் விடமாட்டேன்."

வரி கட்டினேன். மகள் ஓராண்டு தாமதமாகத்தான் படிக்கப் போனாள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் வரிக் கடிதம் வருமோ என்று ஒருநாளும் நான் தூக்கம் கெட்டதில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள், மாணிக்கம் என்னிடம் ஒரு சாவியும் கோப்பும் கொடுத்தார். மனையைப் பிரித்து, தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவரும் அக்காவும் கட்டிய புது வீட்டுடையவை. அதை விற்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாங்க குடியிருக்கத்தான் கட்டினோம்னு எழுதினா வரி கொறையுமா தம்பி? ஆஸ்பத்திரிச் செலவு நெறைய ஆயிடுச்சு."

என் குரலை நானே கேட்டதுபோல் இருந்தது. கோப்பைத் திறந்தேன். ரசீதுகள் தேதி வாரியாக இருந்தன. முதல் தாளில் அக்காவின் கையெழுத்து: 'விற்கக் கட்டியது. பால் காய்ச்சவில்லை.'

அவரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"அவ எழுதினபடியே வரிக்குக் குடுத்துடலாம்" என்றார்.

நாளை அந்த வாசலில் பலகை மாட்டப் போகிறேன், அக்கா. அதே வாசகம்தான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.