ஐந்து நாள் நிறம்

நெயில் பாலிஷ் விற்கிற எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "பத்து நாளானாலும் அப்படியே நிக்கும்க்கா." எனக்கு நிற்கக் கூடாது. ஐந்தாம் நாள், மிஞ்சினால் ஆறாம் நாள், பஞ்சால் துடைத்தால் போய்விட வேண்டும். அப்படிப்பட்டதைத் தேடித்தான் திண்டுக்கல் கடைத்தெருவில் பல வருஷம் நடந்தேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் தொழுகிற வீட்டுப் பெண்கள். தொழுவதற்கு முன்னால் ஒளு செய்ய வேண்டும். முகம், கை, கால் எல்லாவற்றிலும் தண்ணீர் பட வேண்டும். பாலிஷ் நகத்தை மூடிவிடும். தண்ணீர் படாது. படாவிட்டால் ஒளு சேராது, தொழுகையும் சேராது. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. அந்த நாட்களில் போட்டுக்கொள்ளலாம். தலைக்குக் குளிக்கும் முன் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

பேகம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்கள். மருதாணி வைத்துக்கொள்வார்கள். அது நகத்தை மூடாது. ஆனால் மருதாணிக்கு ஒரே நிறம். எனக்கு ஒன்று போதாது.

கல்யாணமாகி வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். வீட்டில் மாமியாரும் ஒரு நாத்தனாரும். மாமி என்றுதான் மாமியாரைக் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்குத் தோல் கிடங்கில் வேலை. நாத்தனார் அப்போது கல்யாணமாகாதவள். என்னை மச்சி என்பாள். பாலிஷ் பைத்தியம் அவளுக்கும் உண்டு. இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள பேன்சி கடைக்குப் போவோம்.

"மச்சி, இந்த ரோஸப் பாருங்க."

"என் கறுப்புக் கைக்கு அது சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்."

கடைக்காரர் விட மாட்டார். "கறுப்புக் கைக்குத்தாங்க்கா எல்லாக் கலரும் எடுக்கும்."

"அண்ணே, எங்க மச்சிக்கு அழியிற பாலிஷாக் குடுங்க. அழியாததெல்லாம் வேணாம்" என்பாள் நாத்தனார்.

"அழியிறதுக்கு எதுக்கும்மா பாலிஷு? சாக்பீஸ் வாங்கித் தேய்ச்சுக்கங்க."

அவருக்கு விஷயம் தெரியாது. நாங்கள் சொல்லவும் மாட்டோம். முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டே வருவோம்.

ரோஸ் நான் சொன்ன மாதிரிதான். புட்டியில் பார்த்த நிறம் நகத்தில் வராது. மூன்று தடவை பூசினாலும் அடி நகம் தெரியும். எடுப்பது மட்டும் சுலபம். வாடாமல்லி அப்படியில்லை. முதல் பூச்சிலேயே நகம் நிறைந்துவிடும், கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். துடைக்கும்போதுதான் வினை. நகத்தை விட்டு விரலுக்கு ஏறிக்கொள்ளும். மெரூன் என் கைக்கு நல்ல எடுப்பு. ஆனால் எடுத்த பிறகு நகம் மஞ்சளாகக் கிடக்கும், காமாலை வந்த மாதிரி. முத்து மினுக்கு உள்ள வெள்ளை முதல் நாள் சிப்பிக்குள் பார்த்ததுபோல் இருக்கும். மறுநாள் கறிக்கு மசாலா அரைத்தால் தீர்ந்தது. மஞ்சள் ஏறிவிடும்.

எனக்குப் பிடித்தது வெங்காயக் கலர். சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது மேல் தோலுக்கு அடுத்து ஒரு தோல் வருமே, அந்த நிறம். இரண்டு பூச்சு போதும். கறை வைக்காது. கடையில் எப்போதாவதுதான் வரும். வந்தால் கடைக்காரரே எடுத்து வைப்பார். "வாங்குனா சீக்கிரம் தீத்துருங்கக்கா. எட்டொம்பது மாசம் தொறக்காமப் போட்டா கெட்டியாயிரும்" என்று சொல்லித்தான் தருவார்.

கெட்டியாகட்டும் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. எட்டொன்பது மாதம் திறக்காமல் ஒரு புட்டி பீரோவில் கிடக்க வேண்டும். கிடந்து காய்ந்து, குச்சி அதிலேயே ஒட்டிப்போக வேண்டும். குப்பையில் போடும்போது என் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

முதல் வருஷம் யாரும் எதுவும் நினைக்கவில்லை. இரண்டாம் வருஷத்தில் மாமியின் பார்வை என் விரலுக்கு வர ஆரம்பித்தது. அவர் வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் மருமகளைப் பார்த்து, "இந்த மாசமும் இல்லையா?" என்று கேட்பது எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். மாமி அந்த ரகமில்லை. சோறு போடும்போது என் கையைப் பார்ப்பார். நகத்தில் நிறம் இருந்தால் தலையைக் குனிந்து சாப்பிடுவார். நிறம் இல்லாவிட்டால் இரண்டு வார்த்தை கூடப் பேசுவார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் எனக்குத் தெரியும்.

தள்ளிப்போகிற மாதங்கள் வரும். இரண்டு நாள், மூன்று நாள். அப்போது பாலிஷ் இருக்கிற பக்கமே போக மாட்டேன். பீரோவைத் திறந்தாலும் அந்தத் தட்டைப் பார்க்க மாட்டேன். பிறகு வந்துவிடும். எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவசரமாகப் போட்டால் ஓரத்தில் வழியும். வழிந்ததைத் தீக்குச்சியால் சுரண்டுவேன். நிறம் அன்றைக்கும் அழகாகத்தான் இருக்கும்.

ஒருநாள் நாத்தனார் ஜிகினா பாலிஷ் வாங்கி வந்தாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. புட்டிக்குள் வெள்ளிப் பொடி மிதக்கும். போட்டால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் விரலெல்லாம் மின்னும். அவளுடைய சிநேகிதி கல்யாணத்துக்கு இருவரும் போட்டுக்கொண்டு போனோம். எல்லாரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் எடுக்க உட்கார்ந்தேன். நிறம் போனது, ஜிகினா போகவில்லை. ஒவ்வொரு பொடியும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு புட்டி ரிமூவரும் தீர்ந்துபோனது. குளிக்க வேண்டும், தொழ வேண்டும். கத்தி முனையால் சுரண்டினேன். பொடியோடு நகத்தின் மேல் தோலும் உரிந்து வந்தது. எல்லா நகமும் வெள்ளை பூத்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. நிறங்களில் மோசமானது எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஜிகினாவைத்தான் சொல்வேன்.

அதனால் அடுத்த மாதம் போடவில்லை. நகம் ஆறட்டும் என்று விட்டேன். நான் தொழுவது மாடி அறையில். தொழுகிறேனா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

விலக்கான இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்தேன். மாமி வந்து இடுப்பிலிருந்து வாங்கினார்.

"நீ வை. அவ தூக்குவா."

"இருக்கட்டும் மாமி, ரெண்டு குடந்தான்."

"வைங்குறேன்ல."

நாத்தனார் முனகிக்கொண்டே தூக்கினாள். "எனக்கு மட்டும் இடுப்பு இரும்பா?"

"வாய மூடிட்டுத் தூக்குடி, கழுத" என்றார் மாமி. குரலில் கோபமில்லை. சிரிப்பு இருந்தது.

மறுநாள் மாதுளம்பழம் வந்தது. எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்கு மட்டும்தான் மாதுளம்பழம். குழம்பில் காரம் குறைந்தது. மாமி கடைத்தெருவுக்குப் போய் மெல்லிய வெள்ளை வாயில் துணி வாங்கி வந்து, நான்காக மடித்துப் பெட்டியில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஒன்னய மாடி ஏற வேணாம்னு சொல்லச் சொன்னாங்க அம்மா. காலுக்கு என்ன?"

"காலுக்கு ஒண்ணுமில்லயே."

சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தேன். வெறும் நகம்.

அவரும் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. "நெசமா?" என்றார். அந்த மாதிரி ஒரு குரல் அவரிடம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மாமியிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு எப்படி இல்லை என்பது? பீரோவைத் திறந்தேன். இருப்பதிலேயே அடர்த்தி மெரூன். அதை எடுத்தேன். புண்ணான நகத்தில் பட்டதும் பளீரென்று எரிந்தது. பத்து விரலுக்கும் போட்டேன். ஊதிக்கொண்டு கீழே வந்தேன்.

மாமி சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோற்றைப் போட்டேன். குழம்புக் கரண்டியைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனேன். அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும்.

"காஞ்சுருச்சா?" என்றார்.

"ம்."

"கொழம்புல ஒட்டிரப் போகுது."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். மாதுளை முத்து உதிர்த்து வைத்திருந்தார்.

"எனக்கெதுக்கு மாமி?"

"வாங்கியாச்சுல்ல. வீணாப் போகணுமா? தின்னு."

தின்றேன். அவர் போகிற வரைக்கும் தின்றேன்.

அதற்குப் பிறகு மாமி என் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் சோறு போட்டால் சுவரைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். பார்த்தபோது வலித்தது. பார்க்காதபோது அதைவிட வலித்தது. நான் ஒரு மாதமும் விடாமல் போட்டேன். மனசில்லாத மாதமும் போட்டேன். காய்ச்சலாகக் கிடந்த மாதம்கூட நாத்தனாரிடம் கையை நீட்டிப் போட்டுவிடச் சொன்னேன். வெறும் நகத்தைப் பார்த்து இன்னொரு தடவை அவர் பிள்ளைத் துணி வாங்கக் கூடாது. ஆசைக்குப் போட்டது போய், அவருக்குத் தெரிய வேண்டும் என்று போட்டேன். அந்த வருஷங்களில் என்ன நிறம் போட்டேன் என்றுகூட ஞாபகமில்லை.

நாத்தனார் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் ஒவ்வொரு தடவை பிள்ளை பெற வந்தபோதும் அவளுடைய பாலிஷ் புட்டிகளை என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மதுரைக்குப் போய் டாக்டர்களைப் பார்த்தோம். இருவருக்கும் குறையில்லை என்றார்கள். குறை இருந்தால் மருந்தாவது இருக்கும்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷம் கழித்து எனக்கு உதிரப்போக்கு அதிகமானது. கட்டி என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எடுத்துட்டா அப்புறம்...?" டாக்டர் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை. "அப்புறம் ஒண்ணும் இருக்காதுங்க, வலி உள்பட" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம் அந்த நாளும் வந்தது. கடைசித் தடவை என்று தெரிந்துதான் போட்டேன். நாத்தனார் கோயம்புத்தூரில் வாங்கியது. காப்பிப்பொடி நிறம், பளபளப்பே இல்லாதது. சிலேட்டில் எழுதின மாதிரி இருக்கும். அப்படி ஒன்று வருகிறது என்றே எனக்குத் தெரியாது. பளபளப்பு இல்லாததால் நிறம் மட்டும் தெரிந்தது. நல்ல நிறம். முன்னமே வந்திருக்கலாம்.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் வந்தது. சின்னப் பெண். என் கையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்தது.

"என்னம்மா நீங்க? பாலிஷோட உள்ள விட மாட்டாங்க. மயக்க டாக்டர் நகத்தோட நெறத்தப் பாக்கணும்ல. யாரு போடச் சொன்னது?"

பஞ்சும் ரிமூவரும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது. எடுக்கப் போனேன். இடது கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது. மடங்கவில்லை.

ஸ்டூலில் மாமி உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு நன்றாக வயசாகிவிட்டது. கண் ஆபரேஷன் செய்த சோடாபுட்டிக் கண்ணாடி. பஞ்சை எடுத்தார்.

"கையக் குடு."

"நான் எடுத்துக்கிறேன் மாமி."

"குடுங்குறேன்ல."

கொடுத்தேன். என் விரலை மடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவசரப்படவில்லை. பஞ்சு அழுக்கானால் மாற்றினார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் என் நகத்தைப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"போயிருச்சா?" என்றேன்.

"சுண்டுவெரல் ஓரத்துல இம்புட்டூண்டு இருக்கு."

"விடுங்க மாமி. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"அந்தப் புள்ள திட்டும்" என்றார். புதுப் பஞ்சு எடுத்து அதையும் துடைத்தார்.

வெளியே ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிற தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. அவர் என் கையை விடவில்லை. வண்டி கதவு வரைக்கும் வந்த பிறகுதான் விட்டார்.