ஒற்றை ஒயர்

போன ஐப்பசி அடைமழையில், போடியிலிருந்து குரங்கணி போகும் வழியில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. மனைவியை இழந்து எங்களோடு வந்து தங்கியிருந்த என் அண்ணன், விடியற்காலையில் திடீரென்று போய்விட்டார். அவருக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். நிறைமாதம், விமானம் ஏற முடியாது. "அத்தை, எடுக்குறதுக்கு முன்னால அப்பா மொகத்த ஒரு தடவ காட்டிருங்க" என்று போனில் கதறினாள். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மலையில் மேகம் இறங்கினால் எங்கள் பக்கம் அப்படித்தான்.

இருந்தது வீட்டு இன்டர்நெட் மட்டுமே. அதிலும் முந்தின வாரம் விழுந்த இடியில் வைஃபை போய், இன்டர்நெட் பெட்டியில் ஒயர் சொருகும் ஒரே ஒரு போர்ட்டுதான் உயிரோடு இருந்தது. அதிலிருந்து மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஒயர் போகிறது. அன்றைக்கு அவளுக்குக் கம்ப்யூட்டரிலேயே வேலைக்கான இன்டர்வியூ. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்காரர். "தண்ணி ஓசுல டீ ஜாயிண்ட் மாட்டி ரெண்டு பக்கமும் தண்ணி விடுறோம்ல, அதே சோலிதான். வெரசா முடிச்சிர்றேன்" என்று ஒயரை நடுவில் வெட்டி, இன்னொரு ஒயரைச் சேர்த்து முறுக்கிக் கீழே எங்களுக்கு இழுத்துவிட்டார். அடக் கடவுளே! கீழேயும் வரவில்லை, மாடியிலும் நின்றுபோனது.

மாடிப்படியில் அந்தப் பெண் இறங்கி வந்தாள். பாதி இன்டர்வியூவில் அறுந்திருக்கிறது, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். வெட்டிய ஒயரைப் பார்த்தாள். "கனடாவுல இருக்க பிள்ள அப்பா மொகத்தப் பாக்கணும்னு கதறுதும்மா" என்றேன். உடனே மேலே போய், தன் லேப்டாப்பையும் ஒரு மாற்று ஒயரையும் கொண்டுவந்து பெட்டியில் சொருகினாள். கனடா கிடைத்துவிட்டது. ஆனால் ஒயர் வாசல்படி வரைதான் எட்டியது. அண்ணன் முற்றத்துப் பந்தலில் கிடந்தார்.

"தெக்க தல வச்சுக் கெடத்துன பொணத்த நகட்டக் கூடாதுப்பா" என்றார் ஒரு பெரியவர். "பெத்த பிள்ள பாக்கட்டும்யா, தூக்குங்க!" என்று பங்காளி ஒருவர் சத்தம் போட்டார். கொட்டுச் சத்தம் நின்றது. நாலு பேர் பெஞ்சோடு தூக்கி வந்து படியோரம் வைத்தார்கள்.

அந்தப் பெண்தான் லேப்டாப்பை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அழவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் பேரச் சொல்லி வாய்க்கரிசி போடுங்க அத்தை" என்றாள். போட்டேன். அப்புறம்தான் வெடித்து அழுதாள். பிடித்திருந்தவளும் அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கேட்டேன். அந்தக் கம்பெனியில் மறுபடி கூப்பிடவில்லையாம். "எங்கள ஒரு வார்த்த வையலையேம்மா" என்றேன். "எங்கப்பா எறந்தப்ப நான் பரீட்ச ஹால்ல இருந்தேங்க்கா. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்றாள்.

இப்போது என் வீட்டுக்காரர் இன்டர்நெட் ஒயரைப் பல பக்கம் பிரித்துவிடும், எட்டுப் போர்ட்டு உள்ள ஸ்விட்ச் வாங்கி மாட்டியிருக்கிறார், பாதி சும்மாதான் கிடக்கிறது. நிறைய இருக்கும்போது யாரும் கொடுக்கலாம். அன்றைக்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் எங்களுக்குக் கொடுத்தாள்.