பாலத்தில் ஏறியவர்கள்

"ஏனுங்க அம்மணி, நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு ஓடற பஸ்ஸுல போற சனத்தை எண்ணிப்போட முடியுமுங்களா?"

முதல் ட்ரிப் கண்டக்டர் என்னிடம் இப்படிக் கேட்டது தொண்ணூற்றைந்தில், ஒரு மார்கழி விடியற்காலையில். கோவையில் கணபதியைத் தாண்டி வடக்கே, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அந்தத் தடத்தின் கடைசி ஸ்டாப் அது. நான் கையிலிருந்த அட்டையில் தாளைச் சரியாகச் செருகுவதுபோல் குனிந்துகொண்டேன். "உள்ள ஏறுனா ஒண்ணும் ஒட்டிக்காதுங்க" என்று சிரித்தபடி விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். அப்பா ஒரு தோட்டத்தில் பண்ணையாள். அம்மா களை வெட்டப் போவார். எங்கள் வளவில் இருக்கும் வீடுகளில் யாருக்கு மணியார்டர் வந்தாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

எங்கள் பேராசிரியர் ஒருவர் நகரப் பேருந்துகளைப் பற்றி ஓர் ஆய்வு எடுத்திருந்தார். எந்தத் தடத்தில் எந்த நேரத்து வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தந்தப் பகுதியிலிருந்து வரும் மாணவர்களிடமே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் தடம் எனக்கு. இரண்டு வாரம் பஸ்ஸில் ஏறி, கடைசி வரை போய், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் தாளில் குறிக்க வேண்டும். "டிப்போவுக்கும் ஒரு காப்பி போகும். பார்த்து எழுது" என்று தனியாகவும் சொன்னார்.

எட்டு மணி வண்டியில் பிரச்சினை இல்லை. நான் கல்லூரிக்குப் போகிற வண்டிதான். பின்னலில் பூ வைத்துக்கொண்டு, அட்டையும் பேனாவுமாக நின்று எண்ணுவது நன்றாகத்தான் இருந்தது. யாராவது "என்னங்க எழுதறீங்க?" என்று கேட்டால் இன்னும் நன்றாக இருந்தது.

முதல் ட்ரிப்பான ஐந்து மணி வண்டிதான் எனக்குப் பிடிக்கவில்லை. குளிர் ஒரு காரணம், பரீட்சை ஒரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அந்த வண்டியில் போவது சித்தாள் வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும், ஆஸ்பத்திரி கூட்டவும் போகிற பெண்கள். பெரும்பாலும் எங்கள் வளவுக்காரர்கள். சிமென்ட் படிந்த சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியோடு போவார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் நானும் அவர்களில் ஒருத்தியாகத்தானே தெரிவேன்? அதிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவு படிப்பும்?

அதனால் முதல் நாள் ஸ்டாப்பில் நின்றே எண்ணினேன். ஏறியது நான்கு பேர். மறுநாள் மூன்று. மூன்றாம் நாள் ஐந்து. இவ்வளவுதானே என்று தோன்றியது. அடுத்த ஸ்டாப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று நானே நிரப்பினேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். கண்டக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்காம் நாள். ஐந்தாம் நாளிலிருந்து ஸ்டாப்புக்கே போகவில்லை. போர்வைக்குள் இருந்தபடியே பஸ் திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, விடிந்ததும் தாளை நிரப்பினேன்.

பேராசிரியர் என் தாள்களைத்தான் வகுப்பில் தூக்கிக் காட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருந்ததாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். எதிர் வீட்டு அத்தை, பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அத்தை காந்திபுரத்தில் ஓர் ஓட்டலில் காய் நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கணவர் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

"இந்நேரத்துக்கு எங்கீங்க அத்தை?" என்றேன்.

"சத்தி ரோட்டுக்கு நடக்கறோம் கண்ணு. மொத பஸ்ஸ நிறுத்திப்போட்டாங்கல்ல. ஆளே ஏறுறதில்லைன்னு எவனோ எழுதிக் குடுத்துப்போட்டானாமா."

பின்னால் நின்ற ஒரு பெண், "அவன் கையில கரையான் ஏற!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுதிக் கொடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஸ்டாப்புல நாலஞ்சு பேருதானுங்களே அத்தை ஏறுவீங்க?"

"இங்க எவ ஏறுவா? எல்லாரும் அடுத்த ஸ்டாப்பு, பாலத்துல போயில்ல ஏறுவோம். பாலத்துல இருந்து ஒரு ஸ்டேஜு கம்மி. போக ஐம்பது காசு, வர ஐம்பது காசு. ஒரு ரூவா மிச்சமாச்சுன்னா ஒரு கட்டுக் கீரை ஆகுமே." பிறகு என் தோளைத் தட்டினார். "உனக்கு பாஸு. நீ எங்க இருந்து ஏறுனாலும் ஒண்ணுதான். உனக்கெப்பிடித் தெரியும்?"

அவர்கள் இருபுறமும் வேலி போட்ட இட்டேரிக்குள் இறங்கி இருட்டில் மறைந்தார்கள். அந்தக் குறுக்கு வழி எங்கள் ஸ்டாப் பக்கமே வராமல் நேராகப் பாலத்துக்குப் போய்ச் சேரும். அங்கிருந்துதான் சத்தி ரோட்டுக்கு நடக்க வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து அவர்களைப் பார்த்திருக்கவே முடியாது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஸ்டாப் தூரம் பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பேன்.

ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் கல்லூரிக்குப் போய்வந்தேன். அதற்குள் அத்தை இரண்டு நாள் ஓட்டலுக்குப் பிந்திவிட்டார். சத்தி ரோட்டில் வெளியூர் பஸ்கள் கை காட்டினாலும் நிற்பதில்லை. மூன்றாவது நாள், பக்கத்திலேயே குடியிருக்கும் வேறு ஆளை வைத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார். நாற்பது வயதுக்கு மேல் தலையில் கல் சுமக்க.

பேராசிரியரிடம் போய் அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. என் தாள்களைத் தேடி எடுத்து, அந்தச் சுத்தமான கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா எண்ணி, மனுவா எழுதி, டிப்போவுல நீயே கொண்டுபோய்க் குடு. முன்னாடி எழுதினது ஏன் தப்புன்னும் அதுலயே எழுதணும்" என்றார்.

அடுத்த ஆறு நாள் நான்கு மணிக்கு எழுந்து அவர்களோடு சத்தி ரோடு வரை நடந்து எண்ணினேன். ஒரு நாள்கூட முப்பதுக்குக் குறையவில்லை. "எங்ககூடச் சேர்ந்து நீ எதுக்குடி கால் தேயற?" என்று கேலி செய்தார்கள். காரணம் சொல்லவில்லை. பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி மனு எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கே என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள் ஒருத்தி.

மனுவை எழுதினேன். நடுவில் ஒரு பத்தி, "முந்தைய ஆய்வில் இந்தத் தடத்தின் முதல் நடைக்கான எண்ணிக்கையை நான் பஸ்ஸில் ஏறாமலேயே எழுதினேன். அது பொய்" என்று இருந்தது. அதை எழுத அவ்வளவு கஷ்டமாக இல்லை. எழுத்துதானே, எங்கேயோ ஒரு மேசைக்குப் போகப் போகிறது.

கஷ்டம், அன்று சாயங்காலம் வந்தது. எல்லோரும் கைநாட்டு வைக்க எங்கள் வாசலில் கூடினார்கள். "என்ன எழுதியிருக்கறன்னு படிச்சுக் காட்டு கண்ணு" என்றார் அத்தை. படித்தேன். அந்தப் பத்தி வந்தது. முப்பது முகங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கண் அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனது. குரல்கூடத் தடுமாறவில்லை. அவர்களில் ஒருவருக்காவது எழுத்துத் தெரிந்திருந்தால் நான் துணிந்திருப்பேனா? ஒவ்வொருவராக வந்து, மையில் பெருவிரலைத் தோய்த்து, நான் காட்டிய இடத்தில் அழுத்திவிட்டுப் போனார்கள்.

டிப்போவில் அதிகாரி மனுவை முழுதும் படித்தார். "வசூல் கம்மின்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்மா. டீசலுக்கே கட்டாத ட்ரிப்பு. சின்ன டிக்கெட்டா ஏறுறாங்களா, ஆளே இல்லையாங்கறதுக்குத்தான் உங்க தாளைப் பார்த்தோம்" என்றார். பிறகு அந்த நடுப்பத்தியில் விரலை வைத்து, "கைநாட்டு வெச்சவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியுங்க" என்றேன்.

இரண்டு மாதத்தில் பஸ் திரும்ப வந்தது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் எங்கள் ஸ்டாப்பிலேயே ஏறுவதென்று முடிவு செய்திருந்தார்கள். ஐம்பது காசு போனால் போகட்டும் என்று. ஒருத்தி வண்டியின் முன்னால் செண்டுமல்லி மாலை கட்டினாள். டிரைவர் எலுமிச்சம்பழம் நசுக்கினார். என்னை இழுத்துக்கொண்டுபோய் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"எங்க வளவுப் புள்ள எழுதுன எழுத்துக்கு வந்த பஸ்ஸுங்க இது! எங்கள மாதிரி இல்ல, நாலெழுத்து படிச்ச புள்ள!" என்று அத்தை கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னார். அதே கண்டக்டர். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. அன்றுதான் அந்த வண்டி உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்தேன். ஏறிய ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஒருத்தி முன்னால் இருந்தவளுக்குத் தலை பின்னிவிட்டாள். யாரோ தூக்குப்போசியைத் திறந்து பழைய சோற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். மேஸ்திரி ஆள் எடுக்கிற முக்கில் ஆறு மணிக்கு நின்றால்தான் அவர்களுக்கு அன்றைக்கு வேலை. அதற்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்திருக்கிற நேரம் இது ஒன்றுதான். அந்த ஆண்டுப் பரீட்சையில் பொதுப் போக்குவரத்தின் பயனை அதன் வருமானத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது.

அத்தைக்கு ஓட்டல் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் கல் சுமக்கிறார். இப்போது நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மூன்று வருடத்தில் வளவில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது அந்த பஸ் கதையைச் சொல்லி என்னைப் புகழ்வார்கள். நான் சிரித்துக்கொண்டு இலையைப் பார்ப்பேன். செய்த தப்பைவிட, அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்தப் பத்திரிகைக்கு அனுபவம் எழுத வேண்டுமென்று உட்கார்ந்தபோது இதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. எழுதி முடித்ததும், முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிற எனக்கு எதிர் வீட்டில் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய், இதுவரை எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் கை நின்றுவிட்டது. படித்து முடித்தபோது முறத்தைக் கீழே வைத்தார்.

"தப்பா எழுதுனது கெடக்குது உடு" என்றார் கடைசியில். "எங்ககூட ஒக்கார உனக்கு வெக்கமா இருந்துச்சா கண்ணு?"

அதைத்தான் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"ஆமாங்க அத்தை."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்ப வரவில்லை. இன்றுவரை என்னோடு பேசவும் இல்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை நான்கரை மணிக்கு எழுந்து, இந்தக் காகிதங்களையும் ஒரு டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு, இட்டேரி வழியாக நடந்து பாலத்துக்குப் போனேன். பஸ் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. எல்லோரையும் பக்கத்தில் வரச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.