டீச்சரின் தலை பச்சையான கதை

சலூன்காரம்மாவின் கடையில் திங்கட்கிழமை முதல் ஆள் எப்போதும் டீச்சர்தான். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலைமுடி தும்பைப்பூவாக வெளுத்திருக்கும். அன்று கழுவித் துவட்டிக் கண்ணாடி முன் உட்கார வைத்தபோது, டீச்சர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா இது, தலையில பாசி பிடிச்சிருக்கு?"

வெளிச்சம் பட்ட இடமெல்லாம் முடி இளம்பச்சையாக இருந்தது. மூன்று வாரமாகவே லேசாகக் கண்ணில் பட்டதுதான். ஜன்னல் திரையின் நிழல் என்று சலூன்காரம்மா விட்டுவிட்டாள்.

"சத்தியமா நான் சாயம் எதுவும் போடல, டீச்சர்."

"எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாதே!" டீச்சர் துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

வேறு சமயமாக இருந்தால் இதையே நினைத்துப் புழுங்கியிருப்பாள். இப்போது அவள் கவலையெல்லாம் வீட்டுக்காரரின் வயிற்றைப் பற்றித்தான். அவர் பஸ் டிரைவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கடைக்கு மேலே இருந்த வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போவார். ஒன்றரை மாதமாக, முதல் டிரிப் முடிவதற்குள் குமட்டலும் வயிற்றைப் பிசைகிற வலியும். ஒருநாள் பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வாந்தி எடுத்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க மருத்துவர் அடுத்த வாரம் தேதி கொடுத்திருந்தார். அவளுடைய அப்பா வயிற்று நோயில்தான் போனார்.

மதியம் தபால்காரர் வந்தார். அவருக்கும் வெள்ளை முடி. அதே ஷாம்பு, அதே தொட்டி. தலையில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் வித்தியாசம் எதில்? நேரத்தில் மட்டும்தான். ஞாயிறு கடைக்கு விடுமுறை. குழாயில் ஒரு நாளுக்கு மேல் தேங்கிக் கிடந்த தண்ணீர் டீச்சர் தலையில்தான் விழுகிறது. குனிந்து பார்த்தாள். குழாய் சொட்டுகிற இடத்தில் தொட்டியில் நீலப்பச்சைக் கறை. சாயக் கறை என்று தினமும் தேய்த்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன், கிணற்றுத் தண்ணீர் வரும் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுக் கடைக்கும் மாடிக்கும் செம்புக் குழாய் போட்டிருந்தார்கள்.

மாடியில் முதல் தண்ணீரைக் குடிப்பது யார்? அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அவருக்கு முன்பே எழுந்து, முதலில் வந்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு வந்ததை இன்னொன்றிலும் பிடித்தாள்.

"இனிமே குழாயத் திறந்ததும் குடிக்காதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

"ஏன், தண்ணிக்கும் தூக்கம் தெளியணுமா?"

"சொன்னதச் செய்யுங்க."

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் இரண்டு நாளில் முடிவு சொன்னாள். "முதல் பாட்டில்ல செம்பு எக்கச்சக்கம், அக்கா. ரெண்டாவதுல ரொம்பக் கம்மி. உங்க கிணறு இருக்கற பக்கம் சுண்ணாம்புப் பாறையே கிடையாது. மழைத்தண்ணியில இருக்கற லேசான அமிலம், முறிக்கச் சுண்ணாம்பு இல்லாததால, மண்ணுக்குள்ள அப்படியே இறங்கி வருது. ராத்திரி முழுக்கக் குழாய்ல நின்னா செம்பக் கரைச்சுடும். அது முடியில பிடிச்சா பச்சை, வயித்துக்குப் போனா குமட்டல். ஆமா, ரெண்டு பாட்டில் கொண்டுவரச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. ஒரு தலை பச்சையாச்சு, இன்னொண்ணு ஆகல."

அந்தப் பெண் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினாள்.

சுண்ணாம்புக்கல் நிரப்பிய வடிகட்டி ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வந்தது. செம்புக் குழாய் போட்டிருந்த பக்கத்து வீடுகளுக்கும் அவளே போய் விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். வயசு குறைந்துவிட்டதாக எதிர்வீட்டுக்காரியே சொன்னாளாம்.

ஐந்து நாளாக வீட்டுக்காரருக்கு வலி இல்லை. இருந்தும் குறித்த தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் வெளியே வந்து, "உள்ள எல்லாம் சுத்தமா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். அவள் அதையே மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில், டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்தை அவர் வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.