ரிப்போர்ட்டில் வராத களைப்பு

கோவிட் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன். உயர்த்திய கை பாதியிலேயே இறங்கிவிட்டது. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பாலாநகரில் ஒரு சிறிய தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. கோவிட்டுக்காக நான் மருத்துவமனையில் சேரக்கூட இல்லை. வீட்டிலேயே பத்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதனால் பிறகு வந்ததை யாரும் நம்பவில்லை. முதலில் நானே நம்பவில்லை.

ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈசிஜி (இதயத் துடிப்பின் பதிவு) எல்லாம் எடுக்கச் சொன்னார். எல்லாமே நார்மல். வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று அழுதேன்.

"நல்ல ரிப்போர்ட்டுக்கு யாராவது அழுவாங்களா?" என்றார் என் கணவர் முரளி. "வீட்டுக்குள்ளேயே கிடந்தா இப்படித்தான் இருக்கும். காலைல என்கூட நடக்க வா."

அன்பாகத்தான் சொன்னார். நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைவரை கூட்டிப்போனார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். அதற்குப் பிறகு நடைப்பயிற்சியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர், ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "குளிச்சதும் உட்காரணும்போல இருக்கா?" என்று கேட்டார்.

"உட்கார்ந்துதான் குளிக்கிறேன் டாக்டர்."

கோவிட்டுக்குப் பிந்தைய நீடித்த பாதிப்பு என்றார். உழைப்புக்குப் பிந்தைய தளர்ச்சி (சிரமப்பட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல் மொத்தமாகச் சரிவது) அதில் ஒன்று.

"எப்போ சரியாகும்?"

"தெரியாதும்மா. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்காரப் பழகுங்க."

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பேச்சின் நடுவே சொற்கள் நழுவின. இருந்தாலும் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று தைரியமாக இருந்தேன். ஒரு மதியம், பக்கத்து மேசை சுனிதா ஒரு போர்டுடன் வந்து தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இதை நீங்கதான் பாஸ் பண்ணீங்களா?"

ஒரு முனையில் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய ஈயப்பற்றே இல்லை. அதன் சோதனைத் தாளில் என் கையெழுத்து இருந்தது. அந்தப் போர்டைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா," என்றாள்.

அந்தப் பரிவுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அடுத்த முறை அவள் கண்ணிலும் படாமல் போனால்? நானே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த மேசையைவிட்டு என்னை மாற்றும்படி நானே கேட்டேன். இப்போது கோப்பு அறையில் அரைநாள் வேலை.

உங்களுக்கும் இப்படி இருந்தால், உங்களைத் தேற்றும்படி என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உடல் சொல்வதை ரிப்போர்ட் சொல்லாவிட்டாலும் உடலை நம்புங்கள். வீட்டில் இருப்பவர்கள் நம்ப நாளாகலாம். எனக்குக் கொஞ்சம் தேறியிருக்கிறது, நின்றுகொண்டு குளிக்கிறேன். மாடி ஏற இன்னும் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும்.

எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது; எனக்குக் கோவிட் வந்தபோது மூன்று. தமிழ் புரியும், பதில் தெலுங்கில் வரும். சென்ற மாதம் முரளியின் பழைய ஃபோனில் உறவினர் ஒருவரின் கல்யாண வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி, படிகளில் ஓடி ஏறுகிறேன்.

"அம்மா, இதி நுவ்வேனா?" இது நீதானா என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன்.

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் நோயில் விழுந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா என்றால் மெதுவாக நடப்பவள், பாதிப் பேச்சில் நிற்பவள். திரும்பக் கிடைப்பாள் என்று நான் காத்திருக்கும் அந்தப் பழைய பெண் அவளுக்கு அறிமுகமே இல்லை.